மாறுதல் மனு

காலையிலிருந்து ஆபீஸ் ஸ்டூலில் உட்கார்ந்ததில் செம்மலைக்கு இடுப்பு கழன்றே போனது. மனுவில் இன்றைக்காவது கையெழுத்து வாங்காமல் புதுவயலுக்குத் திரும்புவதில்லை என்றிருந்தார்.

ஊழியர்களின் திறமையைக் கண்டறிந்து உற்சாகப்படுத்தச் சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி சத்தியப்பிரியா, அவர் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"என்னத்தைப் பண்ணல தாயி? பைல் தேடிக் குடுப்பேன், எல்லாருக்கும் டீ வாங்கியாருவேன், பிரிண்டர் மக்கர் பண்ணுனா ரெண்டு தட்டுத் தட்டுவேன்."

"லீவு போடுவீங்களா?"

"நாலு வருசத்துல ஒருநாக்கூட வராம இருந்ததில்ல. வராட்டி மனுவைத் தொலைச்சுப்புடுவாக."

"கையில என்ன, மாறுதல் மனுவா?"

"ஆமா தாயி. நீங்கதான் மனசு வைக்கணும்."

சத்தியப்பிரியா உருகிப்போனார். "உங்கள மாதிரி ஆளை இந்த ஆபீஸ் இழக்கவே கூடாது!" மனுவை வாங்கிச் சிவப்பு மையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். 'சிறந்த ஊழியர்' என்று சால்வையும் போர்த்தினார். ஊழியர்கள் உட்கார்ந்தபடியே கைதட்டினார்கள்.

"ஐயய்யோ, என்ன தாயி இப்படிப் பண்ணிப்புட்டீக! நான் இங்க வேலையே பாக்கல. அது பட்டா மாறுதல் மனு!"

சால்வை கிடைத்துவிட்டது. நாலு சென்ட் இடத்துக்கு அரசாங்கம் அவருக்குத் தர வேண்டிய பட்டா இன்னும் பாக்கி.