எந்தக் கோஷ்டியிலும் சேராதவர்

"நான் மட்டும் தலைவி ஆயிட்டா, நாளையிலேர்ந்து காலை காபி நீங்கதான் போடணும்," என்று கணவர் சபாபதியிடம் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் தனம் தன் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். புதுத் தலைவியைத் தேர்ந்தெடுக்கத் தாம்பரம் மகளிர் விடுதலை மன்றம் அங்கே கூடியிருந்தது.

"வர்க்கம் ஒழிஞ்சாத்தான் பெண் விடுதலை," என்றாள் தனம்.

"சட்டத்துல சம உரிமை வந்தாப் போதும்," என்றாள் சாஜிதா.

"ஆம்பளை ஆதிக்கம் ஒழியாம ஒண்ணும் கிழியாது," என்றாள் அம்மணி.

மூன்று கோஷ்டிக்கும் சம ஓட்டு. யாரும் இறங்கி வரவில்லை.

"எந்த இசமும் தெரியாத பொதுவான ஆளாப் போட்டுடலாங்க்கா," என்றது ஒரு குரல். பெயரையும் சொன்னது.

சாஜிதா தலைவியாவதற்கு இது மேல் என்று தனமே வழிமொழிந்தாள். தேர்வு ஏகமனதாக முடிந்தது.

கைதட்டலுக்கு நடுவே, கீழே படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தபடி மாடியேறி வந்து தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார் சபாபதி.

"எல்லாருக்கும் நன்றிம்மா. தனம், காபி!"