மணிக்கட்டு நிற்க வேண்டிய கோணம்

"எலும்புகளை ஒண்ணாச் சேர்த்துட்டா வலி நின்னுடும். ஆனா மணிக்கட்டு மறுபடி மடங்காது. எந்தக் கோணத்துல நிறுத்துறேனோ, ஆயுசுக்கும் அதுதான்," என்றார் கை அறுவை சிகிச்சை டாக்டர்.

பதினாறு வயதுப் பெண் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். ஏழு வயதில் வந்த மூட்டுவாதம் மணிக்கட்டைக் கீழே வளைத்து, சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளிவிட்டிருந்தது.

"இந்தக் கையால அதிகமா என்னம்மா செய்வே?"

"தம்பி மண்டையில குட்டுவா," என்றார் அப்பா.

அவர் பஸ் டிரைவர். பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது.

யாரும் சிரிக்கவில்லை. எழுதுவா, சாப்பிடுவா, தலை பின்னிக்குவா என்று அவரே அடுக்கினார். கால் ரெண்டும் தப்பிச்சதே பெரிய புண்ணியம் என்றும் சொல்லி வைத்தார்.

காலையில் எடுத்த எக்ஸ்ரேயை வாங்கி வரும்படி டாக்டர் அவரை அனுப்பினார். கதவு சாத்திக்கொண்டது.

"இப்ப நீ சொல்லு. எப்படி நின்னா உனக்கு வசதி? இன்னொரு கையில காட்டு."

அவள் யோசிக்கவில்லை. இடது கையை நீட்டினாள். கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றி விரல்கள் இறுகின. மணிக்கட்டு சற்றே மேல்நோக்கி நின்றது. உள்ளங்கை தரையைப் பார்த்து அழுத்தியது.

பேனா பிடிக்கும் கை அல்ல. சீப்பு பிடிக்கும் கையும் அல்ல.

"கைத்தடி பிடிக்கணும்," என்றாள்.

டாக்டர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து அவள் முழங்காலில் கை வைத்தார். துணிக்கு மேலேயே சூடு தெரிந்தது. காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் வரவில்லை. மற்றதும் அப்படித்தான்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"கை ஆபரேஷன் முடியட்டும்னு இருந்தேன் டாக்டர். அவரு ஒவ்வொண்ணாத்தான் தாங்குவாரு."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் விலகியிருந்த பாவாடையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

அப்பா எக்ஸ்ரே உறையை நீட்டினார். டாக்டர் அதை வாங்காமல், அவரை முதலில் உட்காரச் சொன்னார்.