இன்னும் மூணு மாசம்

"மெதுவா, மெதுவா! வாக்கரை விட்டுடாதே," என்று சமையலறை வரைக்கும் பின்னாலேயே வந்தான் கணவன்.

இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். அதற்கு முன்பு தினமும் விடியற்காலையில் பத்து கிலோமீட்டர் ஓடியவள் அவள்.

"நான் எப்ப ஓடலாம்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? இன்னும் மூணு மாசம் வாக்கரோடதான் நடக்கணுமாம். உனக்கென்ன குறை? நீ வீட்டோட இருக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் வீடு வீடா இருக்கு."

ஒவ்வொரு தடவையும் டாக்டர் பார்த்து முடித்ததும் அவளைக் காரில் உட்கார வைத்துவிட்டு, அவன் மட்டும் திரும்பப் போய் விவரம் கேட்டு வருவான். என்ன அக்கறை என்று அவள் உருகிப் போவாள்.

இன்று அவனுக்கு ஆபீசில் மீட்டிங். வாடகைக் கார் பிடித்துத் தனியாகப் போனாள்.

டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னும் எதுக்கும்மா வாக்கர்? அதைத் தூக்கிப் போட்டுட்டு மெல்ல ஓடிப் பழகச் சொல்லுங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நீங்கதான் பயப்படறதா சொன்னார்."

சாயங்காலம் கணவன் கதவைத் திறந்தபோது வாக்கர் வாசலுக்குக் குறுக்கே நின்றது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் ஓடலாம்னுட்டார்."

அவன் முகம் வெளுத்தது. "சரி... பார்க்கைச் சுத்தி ஒரு ரவுண்டு போயிட்டு வா."

"சுத்தினா திரும்ப இங்கதானே வந்து நிக்கணும்?" என்றபடி, நாற்காலிக்குப் பின்னாலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.