நுரைக்காத சோப்பு

"முதல் குற்றம், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பலாப் போச்சு. ரெண்டாவது, முருகையன் மவன் கல்யாண வேட்டி அப்பளமா விறைச்சுப் போச்சு. மூணாவது, மே தினத்துக்குக் கட்சி ஆபீசுல தொவச்சு வச்சிருந்த என் செந்துண்டு வெளிறிப் பூத்துக் கெடக்கு!"

ஆலத்தியூர் பக்கத்துக் கிராமம். சுவரில் திறப்பு விழாக் கல் பதித்த புதிய போர்வெல் மோட்டார் கொட்டகை முன்னால் ஊர் கூடியிருந்தது. தோழர் இளையபெருமாளின் குரலுக்கு மைக் தேவையில்லை.

"அத்தனைக்கும் காரணம் மகளிர் குழு சோப்பு. கலப்படம்! இன்னிக்கே பட்டறையைப் பூட்டணும். குற்றவாளி பேரைச் சாட்சிங்க முன்னால நானே படிப்பேன்."

குழுத் தலைவி பாக்யலட்சுமிக்குக் கண் கலங்கியது. "அதை வச்சுத்தாண்ணே எங்க குடும்பமெல்லாம் கஞ்சி குடிக்குது. ஒரு கலப்படமும் இல்ல."

"கண்ணீரெல்லாம் அறிவியல் முன்னால செல்லாது. பிரசுரத்துல படிச்சிருக்கேன். சோப்புக்கு ரெண்டு முனை. ஒண்ணு எண்ணெய் அழுக்கைக் கவ்வும், இன்னொண்ணு தண்ணியைப் பிடிக்கும். அப்படித்தான் அழுக்கு கழண்டு வரும். உங்க சோப்பு என்ன பண்ணுது, பாரு!"

வாளியில் போர் தண்ணீர் பிடித்து, குழு சோப்பைக் கரைத்தார். நுரை இல்லை. திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக மிதந்தது.

"பாத்தீங்களா? என் சட்டையையும் பாருங்க. கடை சோப்பு! மல்லிப்பூ கெட்டுது!"

ஏரியிலிருந்து குடத்தோடு வந்த அவர் மனைவி கலியம்மாள் நின்றாள்.

"கடை சோப்பா? யாரு வாங்குனா? உங்க சட்டைக்குப் போடறதும் இவங்க சோப்புதான்."

குடத்துத் தண்ணீரைக் குண்டானில் ஊற்றி, அதே சோப்பைக் கலக்கினாள். நுரை பொங்கி வழிந்தது.

கூட்டம் வாயைப் பிளந்தது.

இளையபெருமாள் குண்டானைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். படித்தது முழுக்க இப்போதுதான் நினைவுக்கு வந்தது. போர் தண்ணீரில் சுண்ணாம்பு. தண்ணீரைப் பிடிக்க வேண்டிய முனையை அது பிடித்துக்கொண்டால், சோப்பு என்ன செய்யும்?

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?" என்றார் மெதுவாக.

"அந்தக் கல்லப் பாருங்க," என்று அவளும் காதோடு சொன்னாள். "நாலு பேரு முன்னால நீங்க தலை குனியணுமா? அதான் சொல்லாம, உங்க சட்டை தொவைக்க ஏரித் தண்ணிக்கு நடந்தேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல, பேசாம வூட்டுக்கு வாங்க."

இளையபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். கொட்டகைச் சுவரில் பதித்திருந்த கல்லுக்கு முன்னால் போய் நின்றார். குரல் இறங்கவில்லை.

"சாட்சிங்க எல்லாரும் கேட்டுக்குங்க. 'இந்த ஆழ்துளைக் கிணற்றைப் போராடிப் பெற்றுத் தந்தவர், தோழர் அ. இளையபெருமாள்.'"