திறந்த கதவு

மலாவி கிராம மருத்துவமனையின் தகரக் கூரை வெயிலில் படபடக்கிறது. மலேரியா ஆய்வுக்குக் குழந்தையின் ரத்தம் எடுக்கத் தாயிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லாதபோதுதான் வேண்டாம் என்று சொல்லத் துணிவு வரும், அதற்காகவே உலகெங்கும் இந்த விதி. நர்ஸ் தியாமிகே கதவைச் சாத்துகிறாள். தாய் எஸ்நாத் பதறி எழுகிறாள். "தொறங்க சிஸ்டர்! கதவச் சாத்திக்கிட்டுப் புள்ள ரத்தத்த வித்துட்டான்னு ஊரே பேசும்." கதவைத் திறந்ததும் அவளுடைய தாய்மாமன் தலையை நீட்டுகிறார். வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் அவர் சொல்தான் முடிவு. "ஊசி என்ன முதலையா, கடிச்சுத் திங்க? சரின்னு சொல்லு புள்ள." "சரி மாமா" என்கிறாள் எஸ்நாத். தியாமிகே கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்துகிறாள். எஸ்நாத்தின் கட்டைவிரல் முஷ்டிக்குள் ஒடுங்கியே இருக்கிறது. ஈ ஒன்று மையைச் சுற்றுகிறது. தியாமிகே பெட்டியை மூடி, எடை சரியென்று குறித்திருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உரக்கச் சொல்கிறாள்: "புள்ளைக்கு எடை பத்தாதுய்யா. எங்க ஆய்வுல சேத்துக்க முடியாது."