இன்னொரு பெட்டி

குன்னூர் ஏலத்தில் விலைபோகாத தேயிலைப் பெட்டிகள் குடோனின் கடைசி ஜன்னல்வரை அடுக்கிக் கிடக்கின்றன. இனி வைக்க இடமில்லை என்று ஃபேக்டரி மெஷினை நிறுத்திவிட்டதால் பென்சில் உரசுவதுகூடக் கேட்கிறது. பில் போட வேலையில்லாத கிளார்க் இந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தப் பெட்டிகளை வரைந்து பழகுகிறாள். மடியெல்லாம் ரப்பர் தூள். ஜன்னலில் மூடுபனியின் அழுக்கு வெளிச்சம். பெட்டி அடுக்கும் ஆறுச்சாமி சாக்கில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்க்கிறார். "ஏனுங்க, எல்லாம் ஒரே அளவுப் பெட்டிதானுங்களே. பின்னாடி இருக்கறத எதுக்குச் சின்னதாப் போடறீங்க?" "தள்ளிப் போகப் போக அப்படித்தானுங்க தெரியுது." அவள் ஒரு கண்ணை மூடி, பக்கக் கோடுகளை ஜன்னலை நோக்கி ஒடுக்குகிறாள். தட்டையாய்க் கிடந்த பெட்டி தாளில் எழுந்து உட்காருகிறது. ஆறுச்சாமி தாளை வாங்கி வெகுநேரம் பார்க்கிறார். "நெசப் பெட்டியாட்டமே இருக்குதுங்க," என்கிறார் சலிப்போடு. "இதையக் கொண்டுபோய் எங்கீங்க அடுக்கறது?"