மூன்று முடி

கடைசியாக ஒருமுறை கேத்திலைக் கொதிக்க விட்டாள்.

ஆவி எழுந்து குசினி யன்னலில் படிந்தது. பழைய யன்னல், மூன்று சட்டத்திலும் ஒற்றைக் கண்ணாடிதான். வெளியே லண்டனின் தை மாதக் குளிர். கண்ணாடி மெல்ல வெளுத்தது.

வெளுத்ததும் அந்த முகம் வந்தது.

ஒரு வட்டம். இரண்டு கண். உச்சியில் மூன்று முடி.

மகள் ஆரபி, வடை தின்ற எண்ணெய் விரலால் கீறியது. அப்பாவாம். அப்போது அவருக்குத் தலை நிறைய முடி. இன்றைய நிலவரத்தைப் பிள்ளை அன்றைக்கே கணித்துவிட்டாள் போலும்.

அடுத்த மாதம் மூளைக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. வயது ஐந்து.

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியின் உட்பக்கத்தில் அம்மாக்காரி துணி வைக்கவில்லை. வீடு முழுக்கப் பளிச்சென்று இருக்கும், இது மட்டும் மங்கலாக இருக்கும். வந்து போகிற சனம் எதையாவது நினைத்துவிட்டுப் போகட்டும். குளிர்காலத்தில் அவள் உலை வைத்தால் மகள் கீறியது தெரியும். அது போதும் அவளுக்கு.

அவருக்கு இதொன்றும் தெரியாது. எப்படித் தெரியும்? செத்தவீட்டுச் சனம் போன மறுநாளே பிள்ளையின் சட்டைகளையும் படங்களையும் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிய மனிதர். பிறகு அந்தப் பெயரையே வாயில் எடுக்கவில்லை. கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

அந்தக் கல்லுளிமங்கன்தான் இப்போது இரட்டைக் கண்ணாடி யன்னலுக்குச் சொல்லியிருந்தார். குளிரில் அவள் விரல்கள் மடங்க மறுப்பதைப் பார்த்துவிட்டு.

அவளுக்காகச் செய்கிறார். அதுதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்வதற்கு அந்தப் பெயரைச் சொல்லவேண்டும்.

மணி அடித்தது. புது யன்னல் பொருத்திப் பூட்டுகிற கஜன் வந்துவிட்டான்.

அவள் மேலே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி உடைகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். மத்தியானம்வரை அப்படி ஒரு சத்தமும் வரவில்லை.

இறங்கி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

"பாருங்கோ அன்ரி, இனி இதிலை ஆவி படிஞ்சு புகார் பிடியாது," என்றான் கஜன்.

பார்த்தாள். தோட்டம் துப்புரவாகத் தெரிந்தது. பழைய கண்ணாடியை என்ன செய்தாய் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் சாமான்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

கேத்திலைப் போட்டாள்.

ஆவி எழுந்தது, கலைந்தது. யன்னலில் ஒன்றும் படியவில்லை.

வீடு நல்ல வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்றி எடுத்துப்போய் அவரைத் தேடினாள். வீட்டில் காணவில்லை. தோட்டத்து ஷெட்டின் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே பழைய கண்ணாடிகள் மூன்றும் சுவரோடு சாய்ந்து நின்றன. ஒன்றுகூட உடையவில்லை. அடியில் அவருடைய போர்வையை மடித்து விரித்திருந்தார்.

அவர் முழங்காலில் நின்றார். முதல் கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் வாயைத் திறந்து ஊதினார். கண்ணாடி வெளுத்தது. அதில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி மறுபடியும் ஊதினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

அவள் வாசலிலேயே நின்றாள். எத்தனை குளிர்காலம் இந்த மனிதர் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்திருப்பார்?

"அதில்லையப்பா," என்றாள். "நடுவிலை இருக்கிறது."

அவர் திரும்பவில்லை. நடுக் கண்ணாடிக்கு நகர்ந்து அடியோரமாக ஊதினார்.

"இன்னும் மேலை. ஆரபி கதிரையிலை ஏறி நிண்டெல்லோ கீறினவள்."

அவருடைய தோள்கள் குலுங்கின.

கண்ணாடியில் கை படாமல் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்க் கை கொடுத்தாள்.